சரக்கு எங்கே நிற்கிறது? சிறு தொழிற்சாலைகளுக்கு ஆலோசகராகப் புறப்படுகிறவருக்கு

நான் ஏற்றுக்கொண்ட முதல் பெரிய ஆலோசனை வேலை தோல்வியில் முடிந்தது. கோவையில் பம்ப் உதிரிபாகம் கடைகிற ஒரு பட்டறை. 12 இயந்திரங்கள், முப்பதுக்கும் குறைவான ஆட்கள். "ஆர்டருக்குக் குறைவில்லை, சரக்குதான் சொன்ன நாளில் போகமாட்டேன் என்கிறது" என்றார் முதலாளி. இரண்டு நாள் அவருடைய அறையில் உட்கார்ந்து பேசினேன், காபி குடித்தேன், ஆர்டர், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் முழு ஈ.ஆர்.பி. மென்பொருள் ஒன்றை வாங்கச் சொல்லிவிட்டு வந்தேன். வாங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது ஸ்டோர் பொறுப்பாளர் ஒரு நீள நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். "அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே ஐயா" என்றேன். "கம்ப்யூட்டர் ஆடிட்டருக்குத் தம்பி. நோட்டு எனக்கு" என்றார். திரையில் ஒரு வகை இம்பெல்லர் 140 இருப்பதாகக் காட்டியது. நோட்டில் 96. இருவரும் ராக்கில் எண்ணிப் பார்த்தோம், 96.

அந்த நோட்டை முதல் நாளே கேட்டு வாங்கிப் புரட்டியிருக்க வேண்டும். தொழில்நுட்பம், தொழில்போக்கு, வேலை செய்யும் முறை ஆகிய மூன்றிலும் ஆர்வம் உள்ளவர்கள்தான் பொதுவாக இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் ஆர்வத்தை எந்த வரிசையில் வெளியே எடுப்பது என்பது பட்டுத்தான் புரிந்தது. பட்டறைக்குள் எது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நமக்குக் கூலி தரும் வேலை. மென்பொருள் அதற்குப் பிறகு. சில ஆண்டுகள் தொழிற்சாலையிலோ கணக்குப் பிரிவிலோ மென்பொருள் நிறுவனத்திலோ இருந்துவிட்டு, தனியாக ஆலோசனை சொல்லப் புறப்படுகிறவர்களுக்காக, நான் இப்போது செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு தொழில், ஒரு ஊர்

எல்லாத் தொழிலுக்கும் ஆலோசனை என்று விசிட்டிங் கார்டில் அச்சடிக்காதீர்கள். தமிழ்நாட்டில் தொழில்கள் ஊர் ஊராகக் குவிந்து கிடப்பது நமக்குப் பெரிய வசதி. கோவையில் பம்ப், மோட்டார், வார்ப்பாலை, வெட் கிரைண்டர். திருப்பூரில் பின்னலாடை. கரூரில் வீட்டு உபயோகத் துணி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவது. சிவகாசியில் அச்சும் பட்டாசும். ஒரே தொழிலில் பத்துப் பட்டறை பார்த்தவருக்குப் பதினோராவது பட்டறையின் வாசலில் நிற்கும்போதே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள், பலர் சொந்தக்காரர்களும்கூட. ஒருவருடைய விலையையோ வாடிக்கையாளர் பெயரையோ அடுத்தவரிடம் வாய் தவறிச் சொன்னால், நீங்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். அதன் பிறகு அந்த ஊரில் உங்களுக்கு வேலை இல்லை.

இரண்டாம் படி: ஒரு பக்கக் கடிதம்

வாய் வார்த்தையில் தொடங்காதீர்கள், நெருங்கிய நண்பராக இருந்தாலும். ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் போதும். எந்தப் பிரச்சினையைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள் வருவீர்கள், அவர்கள் எந்தப் பதிவேடுகளைத் தர வேண்டும், யார் உங்களோடு கூட நிற்பார், கட்டணம் எவ்வளவு, எப்போது, யாராவது பாதியில் விலக நினைத்தால் என்ன செய்வது. இவ்வளவுதான். முதல் தவணை முன்பணமாக வர வேண்டும். முன்பணம் தரத் தயங்குகிறவர் பின்னால் பதிவேடு தரவும் தயங்குவார் என்பது என் அனுபவம்.

பணக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேவைத் தொழிலில் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். தொழில்முறைக் கட்டணத்தில் நிறுவனங்கள் வருமான வரிக்காக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தரும். 2025 ஏப்ரல் முதல் ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இது பொருந்தும். கையில் வருவது குறைகிறதே என்று பதறாதீர்கள், அது உங்கள் வரிக்கணக்கில்தான் சேர்கிறது. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை செய்கிறவர்களுக்கு ஊக வரிமுறை என்று ஒன்று இருக்கிறது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டிவிடலாம், விரிவான கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். உங்கள் வேலை அந்த வகைக்குள் வருகிறதா என்பதை மட்டும் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள். இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். ஆலோசகரும் சேவை தரும் குறுந்தொழில்தான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் உங்களுக்குப் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வட்டி கேட்டு நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. ஆனால் பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டபிறகு காசோலை கொஞ்சம் வேகமாகவே வருகிறது.

மூன்றாம் படி: நில்லுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். முதல் வாரம் முழுக்க உங்கள் வேலை பார்ப்பது மட்டும்தான். டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயீச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுப் பொறியாளரை அதற்குள் மணிக்கணக்கில் நிறுத்திவைப்பார் என்று சொல்வார்கள். வட்டம் போட வேண்டியதில்லை. ஆனால் நாற்காலி கேட்காதீர்கள்.

நிற்கும்போது கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். நான் செய்யும் முறை இது. ஒரு நாளில் பத்து முறை பட்டறையைச் சுற்றி வருவேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இயந்திரத்தையும் கடக்கும் அந்த நொடியில் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று மட்டும் குறிப்பேன். நின்றால் காரணத்துக்கு ஒரே எழுத்து. காஸ்டிங், அதாவது கடைய வேண்டிய வார்ப்பு, வரவில்லை என்றால் 'கா', அடுத்த வேலைக்கு இயந்திரத்தை மாற்றி அமைக்கும் செட்டிங் நடக்கிறது என்றால் 'செ', டூல் தேடுகிறார் என்றால் 'டூ', சூப்பர்வைசர் அளந்து பார்த்துச் சரி சொல்லக் காத்திருந்தால் 'சூ'. பிரிட்டனின் பருத்தி ஆலைகளில் டிப்பெட் என்ற புள்ளியியலாளர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. ஸ்டாப்வாட்சோடு ஒருவர் பின்னால் நிற்பதைவிட ஆயிரம் மடங்கு மரியாதையானது.

12 இயந்திரம், பத்துச் சுற்று, ஐந்து நாள் என்றால் 600 குறிப்புகள். அதில் 342 முறை ஓடிக்கொண்டிருந்தால் 57 சதவீதம். நான்கு சதவீதப் புள்ளி கூடக் குறைய இருக்கலாம், அவ்வளவுதான் பிழை. முதலாளியிடம் முன்கூட்டியே அவர் மனக்கணக்கைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 80, 85 என்பார். பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. அவர் தரைக்கு வரும்போது எல்லோரும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள், அவர் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

சுற்றும் நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள். மணி அடித்தாற்போல் ஒவ்வொரு அரை மணிக்கும் போனால், இரண்டாம் நாளே நீங்கள் வரும் நேரத்துக்கு எல்லா இயந்திரமும் ஓடும். இன்னொன்று: எந்த ஆள் சும்மா நின்றார் என்று பெயர் எழுதாதீர்கள். நோட்டில் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை வதந்தி பரவினால், அதற்குமேல் உங்களிடம் யாரும் உண்மை பேசமாட்டார்கள். நோட்டைத் திறந்தே வைத்திருங்கள், யார் கேட்டாலும் காட்டுங்கள்.

பேசவே கூடாதா என்றால், பேசலாம், டீ நேரத்தில். அப்போதும் 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்' என்று கேட்காமல், 'நேற்று எந்த வேலை உங்களை அதிகம் சுற்ற வைத்தது' என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு வயதில் மூத்த ஆபரேட்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டாவதற்கு எழுந்து உங்களைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டுவார். ஒரு பட்டறையில் அப்படி எழுந்து போனவர், சாணைபிடிக்கும் கல்லிலிருந்து தன் லேத்துக்கு உள்ள தூரத்தைக் காலடிக் கணக்கில் நடந்து காட்டினார். 74 காலடி. ஒரு நாளைக்கு ஒன்பது முறை அவர் போய் வந்தார்.

நான்காம் படி: ஒரே ஒரு வகுத்தல்

தரையில் நிற்கும் சரக்கை எண்ணுங்கள். பாதி கடைந்தது, கடையக் காத்திருப்பது, பெயின்ட்டுக்குப் போக வேண்டியது எல்லாம் சேர்த்து. அதை ஒரு நாளில் வெளியே போகும் எண்ணிக்கையால் வகுத்தால், உள்ளே வரும் ஒரு பொருள் வெளியே போக எத்தனை நாள் ஆகும் என்பது வந்துவிடும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்த விதி இது. இதைவிட எளிமையான, இதைவிட அதிகமாகக் கண்ணைத் திறந்த கணக்கு எதையும் நான் பார்த்ததில்லை.

உதாரணத்துக்கு, உள்ளே 1,800 காஸ்டிங் நிற்கிறது, நாளைக்கு 90 போகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 நாள். ஒரு காஸ்டிங் எல்லா இயந்திரத்திலும் ஏறி இறங்க மொத்தம் முக்கால் மணி நேரம்தான் ஆகிறது என்றாலும் 20 நாள்தான். மீதி நேரம் முழுவதும் அது தரையில் தூசு வாங்கிக்கொண்டிருக்கிறது. முதலாளியோ வாடிக்கையாளரிடம் பத்து நாளில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். 1,800 என்பது 900 ஆகும் வரை அந்த வாக்கைக் காப்பாற்ற வழி இல்லை. ஆட்களைத் திட்டினாலும் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வைத்தாலும் அவசர ஆர்டர் நாலு நகரும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் இன்னும் தள்ளி நிற்கும்.

ஆகவே முதல் பரிந்துரை பெரும்பாலும் கேட்பதற்குக் கோணலாக இருக்கும்: காஸ்டிங் இறக்குவதைக் கொஞ்ச நாள் குறையுங்கள். "மெஷின் சும்மா நிற்குமே?" என்று உடனே கேள்வி வரும். வரட்டும். எந்த இயந்திரத்துக்கு முன்னால் சரக்கு மலைபோல் குவிந்திருக்கிறதோ அது மட்டும் நிற்கக் கூடாது, மற்றவை நிற்கலாம். இதைச் சொல்லி வாதம் செய்வதைவிட, மலை இருக்கும் இடத்துக்கு முதலாளியைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவது நல்லது.

அந்த இயந்திரத்தில் அநேகமாக முதலில் அகப்படுவது செட்டிங் நேரம். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாற்ற 70 நிமிடம் ஆகிறது என்றால், அருகில் நின்று பிரித்து எழுதுங்கள். பொருளைப் பிடிக்கும் ஜா மாற்றுவது, டூலின் நிலையை அளந்து ஆஃப்செட் எடுப்பது, முதல் பீஸ் ஓட்டி அளப்பது ஆகியவை இயந்திரம் நின்றால்தான் முடியும். டிராயிங் தேடுவது, டூல் கேட்டு ஸ்டோருக்குப் போவது, அளவு பார்க்கும் கேஜுக்காக இன்ஸ்பெக்‌ஷன் அறையில் காத்திருப்பது ஆகியவை முந்தைய வேலை ஓடும்போதே முடித்திருக்கக்கூடியவை. ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ இந்தப் பிரிப்பின் மேல்தான் தன் முழு முறையையும் கட்டினார். அடுத்த வேலைக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே அடுக்கி வைக்க ஒரு தள்ளுவண்டி, பழைய இரும்பில் அங்கேயே பற்ற வைத்துச் செய்தது, 70 நிமிடத்தைப் பாதியாக்கியதை நான் பார்த்திருக்கிறேன். மென்பொருள் விலையோடு ஒப்பிட்டால் வண்டிக்குச் செலவு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

ஐந்தாம் படி: பலகை, பிறகு எக்செல்

கண்டுபிடித்ததைக் காப்பாற்ற ஒரு பதிவு வேண்டும். முதல் பதிவு கரும்பலகையிலோ வெள்ளைப் பலகையிலோ, மலை நின்ற அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே. தேதி, இன்று முடிக்க வேண்டியது, முடிந்தது, நின்ற காரணம் என்று நான்கே பத்தி. எழுதுவது ஆபரேட்டராக இருக்க வேண்டும், அலுவலகத்துப் பிள்ளையாக இருக்கக் கூடாது. நான்கு வாரம் இது விடாமல் நடந்தால் மட்டும் எக்செலுக்குப் போங்கள். நான்கு வாரம் பலகையில் எழுதாத பட்டறை நாற்பது வாரம் ஆனாலும் மென்பொருளில் எழுதாது.

எக்செலில் புதியவர்கள் அழகு பார்ப்பார்கள். தலைப்புக்கு வண்ணம், கட்டங்களை ஒன்றாகச் சேர்ப்பது, நடுவில் கூட்டுத்தொகை வரி. எல்லாம் பின்னால் கண்ணீர்தான். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி, ஒரு பத்தியில் ஒரே வகைத் தகவல், கட்டங்களைச் சேர்க்கவே கூடாது, கூட்டல் எல்லாம் வேறு தாளில். இந்த ஒழுங்கு இருந்தால், எந்தக் கேள்விக்கும் பைவட் டேபிள் என்ற தொகுப்பு வசதியில் ஒரு நிமிடத்தில் விடை எடுக்கலாம்.

அதைவிடப் பெரிய தலைவலி பெயர்கள். ஒரே பொருள் டெலிவரி சலானில் 'வால்வு பாடி 2 இஞ்ச்', ஸ்டோர் நோட்டில் 'ரெண்டு வா.பா.', வாடிக்கையாளர் ஆர்டரில் ஒரு டிராயிங் எண், ஆபரேட்டர் வாயில் 'கொம்பு வைத்தது'. என் முதல் வேலையில் திரையில் 140, ராக்கில் 96 என்று வந்ததற்கு இதுதான் காரணம். இரண்டு பெயரில் பதிவான ஒரே பொருளை மென்பொருள் இரண்டாக எண்ணியிருந்தது. ஆகவே எக்செலைத் திறப்பதற்கு முன் ஒரு பொருள் பட்டியல் தயாரியுங்கள். பொருளுக்கு ஒரு குறியெண், பக்கத்தில் அதற்குப் பட்டறையில் வழங்கும் எல்லாப் பெயர்களும். ஸ்டோர் பொறுப்பாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாளில் முடிக்கலாம். அலுப்பான வேலைதான். எங்கள் தொழிலில் இதைவிட நிச்சயமாகப் பலன் தரும் அலுப்பு வேறொன்று இல்லை.

ஆறாம் படி: இப்போது மென்பொருள்

பட்டியல் இருக்கிறது, பலகை ஓடுகிறது, எக்செல் திணறுகிறது என்ற நிலை வந்தால் மென்பொருள் வாங்கலாம். விற்பனையாளர் காட்டும் செயல்விளக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் வரும் தொழிற்சாலையில் யாரும் லீவு போடுவதில்லை, எந்தக் காஸ்டிங்கிலும் ஓட்டை விழுவதில்லை. உங்கள் பட்டறையின் நிஜமான ஒரு வார ஆர்டர்களைக் கொடுத்து, ரிஜெக்‌ஷன், ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தருகிறவரிடம், வெளியே போய்த் திரும்பிய சரக்கு, பாதி அனுப்பிய ஆர்டர் எல்லாம் உட்பட, உங்கள் கண் முன்னே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியவை சில. ஏற்கெனவே கணக்குக்கு டேலி ஓடுகிறது என்றால் அதோடு பேசுமா, இல்லை ஒரே பில்லை இரண்டு முறை அடிக்க வேண்டுமா? எங்கள் தகவலை நாங்களே எப்போது வேண்டுமானாலும் எக்செலாக வெளியே எடுக்க முடியுமா? மூன்று ஆண்டுக்கு உரிமம், பராமரிப்பு, மாற்றங்கள், பயிற்சி எல்லாம் சேர்த்து எவ்வளவு? சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தகவலை யார் ஏற்றுவார்? கடைசிக் கேள்வி விற்பனையாளருக்கு அல்ல, முதலாளிக்கு. ஒரு பெயர் சொல்லி விடை வராவிட்டால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். விற்பனையாளர் உங்களுக்குக் கமிஷன் தருகிறேன் என்பார். வாங்கினால் முதலாளியிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள். நான் வாங்குவதில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எந்த முதலாளியும் இதைக் கேட்காமல் விடுவதில்லை. எனக்கு அது உதவும் இடங்கள்: தரையில் எழுதிய கிறுக்கல் குறிப்புகளை ஒழுங்கான அறிக்கை வரைவாக்குவது, ஏற்றுமதி வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது, எக்செலில் சிக்கலான சூத்திரம் அமைப்பது. கூட்டலையும் சட்ட விதியையும் அதை நம்பி விடமாட்டேன். தெரியாததையும் தெரிந்த தொனியிலேயே சொல்லும். விடை எனக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு கேள்வியைக் கேட்டுப் பார்த்த பிறகுதான் தெரியாத மூன்றாவதைக் கேட்பேன். வாடிக்கையாளரின் டிராயிங்கையோ விலைப் பட்டியலையோ பொதுச் சேவைகளில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அந்த டிராயிங் உங்கள் முதலாளிக்கே சொந்தம் இல்லை, ரகசிய ஒப்பந்தத்தில் வந்தது.

ஏழாம் படி: போக்குகளை மூன்று கூடையில் பிரியுங்கள்

தொழில்போக்குகளைப் படிப்பது இன்பமான வேலை, அதனாலேயே ஆபத்தானது. காலையில் படித்ததை மாலையில் வாடிக்கையாளர் தலையில் கொட்டத் தோன்றும். நான் மூன்றாகப் பிரித்துவிடுவேன்: சட்டம் கேட்பது, வாடிக்கையாளர் கேட்பது, செய்தித்தாள் கேட்பது. மூன்றாம் கூடையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

சட்டத்தின் கூடையில் விதியின் வரம்பு எப்படி இறங்கி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மின்விலைப்பட்டியல், அதாவது ஜி.எஸ்.டி. பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்யும் முறை, நல்ல பாடம். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி. மூன்று ஆண்டு முடிவதற்குள் ஐந்து படி இறங்கி நம் வாசலுக்கு வந்துவிட்டது. 500 கோடி என்றபோதே 'இது நமக்கு இல்லை' என்று சிரித்தவர்கள் கடைசி வாரத்தில் ஓடினார்கள். பெரிய நிறுவனங்களுக்கு என்று ஒரு விதி வந்தால், வரம்பு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இறங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். எப்போது தயாராக வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லும்.

45 நாள் விதியும் இந்தக் கூடையில்தான். குறு, சிறு தொழில்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தரும் ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்று 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. பணம் வர வேண்டியவர் வாங்கி விற்கும் வியாபாரம் மட்டும் செய்கிறவர் என்றால் இது பொருந்தாது. உற்பத்தியோ சேவையோ செய்கிறவர்களுக்குத்தான். உங்கள் பட்டறைக்கு வர வேண்டிய பாக்கியை வாங்கித் தர இது உதவும். ஆனால் அதே பட்டறை தன் ஜாப் ஒர்க்காரருக்கு எத்தனை நாளில் தருகிறது என்றும் பாருங்கள், அங்கே முதலாளியின் முகம் கொஞ்சம் மாறும். 2025 ஏப்ரலிலிருந்து வகைப்பாட்டின் வரம்புகளும் உயர்ந்திருக்கின்றன. சிறு தொழில் என்பது இப்போது முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை. பழைய வரம்பில் நடுத்தரமாக இருந்த சிலர் சிறு தொழிலாகியிருப்பார்கள்.

வாடிக்கையாளர் கூடைக்கு ஓர் எடுத்துக்காட்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி. 2023 அக்டோபரில் அறிக்கை மட்டும் என்று தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து முழுமையாக நடப்புக்கு வந்தது. இரும்பு, எஃகு, அலுமினியப் பொருள்கள் பலவும், போல்ட், திருகு, குழாய் இணைப்புகள் வரை, பட்டியலில் உண்டு. உங்கள் பட்டறை நேரடியாக ஏற்றுமதி செய்யாமல் இருக்கலாம். ஏற்றுமதி செய்கிறவருக்குச் சரக்குத் தருகிறது என்றால், ஒரு நாள் அவரிடமிருந்து எரிபொருள் கணக்கோ மின்சார யூனிட் கணக்கோ கேட்டு மின்னஞ்சல் வரலாம். பொருளின் சுங்கக் குறியெண்ணை வைத்துப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், இயந்திரம் வாரியாக மீட்டர் வைத்து இப்போதே எழுதத் தொடங்கலாம். மீட்டர் வைத்தால் கம்ப்ரஸரின் காற்றுக் கசிவும் வெளிச்சத்துக்கு வரும், அந்த லாபம் ஐரோப்பா கேட்டாலும் கேட்காவிட்டாலும் கையில் நிற்கும்.

எட்டாம் படி: உங்கள் மேசையிலும் சரக்கு நிற்கிறது

லிட்டில் விதியை உங்கள்மேல் போட்டுப் பாருங்கள். எழுத வேண்டிய அறிக்கை ஆறு, வாரத்துக்கு இரண்டுதான் எழுதி முடிக்கிறீர்கள் என்றால், இன்று ஒப்புக்கொள்ளும் வேலை மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே போகும். ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்த நான் இந்தக் கணக்கைப் போட்ட அன்று வெட்கப்பட்டேன். இப்போது ஒரு நேரத்தில் மூன்று பட்டறைக்கு மேல் எடுப்பதில்லை. நான்காவதாக வருகிறவருக்கு எந்தத் தேதியில் தொடங்க முடியும் என்று சொல்வேன். பாதிப்பேர் காத்திருக்கிறார்கள்.

தரையில் பார்த்ததை அன்றிரவே எழுதிவிடுங்கள். மூன்று நாள் போனால் 'செ' என்ற குறிப்பு செட்டிங்கா செக்கிங்கா என்று உங்களுக்கே தெரியாது. அறிக்கை ஒரே பக்கம், தமிழில், இதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. ஆங்கில அறிக்கை முதலாளியின் மேசை டிராயரில் உறங்கும். தமிழில் இருப்பது சூப்பர்வைசர் கைக்குப் போகும், அவர் அதில் தவறு கண்டுபிடித்து வந்து சண்டை போடுவார். அந்தச் சண்டை இல்லாமல் எந்தப் பரிந்துரையும் நடைமுறைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

வேலைத்திறன் பற்றிய உத்திகளில் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் குறைவு. இத்தாலியர் ஒருவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிட வேலை, ஐந்து நிமிட ஓய்வு என்று ஒரு முறை வகுத்தார். நல்ல முறைதான், ஆனால் அறிக்கை எழுத எனக்கு 25 நிமிடத்தில் சூடே ஏறுவதில்லை, 50 வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பை மதியம் ஒரு மணிக்கும் மாலை ஆறுக்கும் மட்டும் பார்ப்பேன் என்று கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன். அவசரம் என்றால் போன் செய்யட்டும். போன் செய்யும் அளவுக்கு அவசரம் வாரத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வருவதில்லை.

கடைசிப் படி: சொல்லாமல் ஒருமுறை போங்கள்

வேலை முடிந்து கட்டணமும் வந்தபின், மூன்றாம் மாதத்தில் ஒருநாள், அந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லி நுழையுங்கள். முதலாளியின் அறைக்குப் போவதற்கு முன் பலகையைப் பாருங்கள். அதில் இன்றைய தேதி இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். போன மாதத் தேதி இருந்தால், எழுதிக்கொண்டிருந்த ஆபரேட்டர் இப்போது எந்த இயந்திரத்தில் இருக்கிறார் என்று விசாரித்து நேராக அவரிடம் போங்கள். பலகை நின்ற காரணம் அவருக்குத் தெரிந்திருக்கும். என் முதல் பட்டறைக்கும் பிறகு அப்படிப் போனேன். இரண்டாம் முறை ஸ்டோர் பொறுப்பாளரின் நோட்டிலிருந்த பத்திகளை அதே வரிசையில் திரைக்குக் கொண்டுவந்திருந்தோம். அவர் மேசையில் நீள நோட்டு இன்னும் இருந்தது. திறந்து பார்த்தேன், டீக்கடைக் கணக்கு எழுதியிருந்தார்.